வாழைச்சேனையை ஊராக்கியது கடதாசி ஆலையா, பாலமா?

பேத்தாழைப் பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்புப் பக்கத்து எங்கள் வாழைச்சேனையை ஊராக்கியது கடதாசி ஆலையா, ஓட்டமாவடிப் பாலமா என்ற எங்கள் வீட்டுச் சண்டையை இங்கே கொண்டுவந்து போடுகிறேன், தெரிந்தவர்கள் தீர்த்து வையுங்கள். போன கிழமை அக்காவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. பந்தியில் மாமா வழக்கம்போலத் தொடங்கினார்: "கடதாசி ஆலை வந்திராட்டி வாழைச்சேனை இண்டைக்கும் பேருக்கேத்த சேனைக்காடுதான்." மாமா ஆலையில் வேலை செய்தவர், அந்தப் பெருமை அவருக்கு. பக்கத்தில் இருந்த அப்பாவின் கூட்டாளி ஓட்டமாவடிக்காரர், அவர் விடுவாரா? "ஆலை வர முந்தியே எங்கட வாப்பாட வாப்பா இங்க புடவைக்கடை வெச்சிருந்தவர், காட்டுக்க ஆருக்குப் புடவை வித்தவராம்?" என்று கேட்டார். மறுகா இரண்டு பேருக்கும் பாயசம் ஆறியதுதான் மிச்சம்.

எனக்கு 26 வயது. ஆலை என்றால் எனக்குத் தெரிந்தது மதிலும் புகைபோக்கியும், பஸ்ஸில் "பெக்டரியடியில் இறக்குங்கோ" என்று ஆட்கள் சொல்வதும்தான். பள்ளிக்கூடத்தில் காலிங்க மாகனைப் படித்தோம், கண்டி இராச்சியத்தைப் படித்தோம், ஆனால் ஏன் எங்கள் ஆற்றங்கரையில் ஒரு பெரிய தொழிற்சாலை முளைத்தது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதனால் கேட்கிறேன். யாழ்ப்பாணத்து அமைச்சர் ஒருவர்தான் கொண்டுவந்தார் என்கிறார்கள், அவர் ஏன் இங்கே கொண்டுவந்தார்? ஆலைக்கு முன்பு இங்கே என்ன இருந்தது? எனக்குப் பெரிய சந்தேகம் இன்னொன்று: ஆலை நின்றால் ஆலை ஊரும் படுத்துவிடும் என்பார்கள், எங்கள் ஊரில் என்னவோ ஆலை நின்ற பிறகும் நாளுக்கு நாள் சனம் கூடித்தானே போகிறது?

களவெட்டி எழுதியது:

தம்பி, மாமாவும் சரி, ஓட்டமாவடிக்காரரும் சரி. ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் ஆற்றைப் பார். மதுறு ஓயா மேற்கே மலைப்பக்கம் பிறந்து வருகிறது, புணாணை கடந்து எங்கள் பக்கம் வரும்போது அகன்று, உப்பேறி, ஆறா வாவியா என்று சொல்ல முடியாமல் கிடந்து, நாசிவன்தீவுப் பக்கமாகக் கடலுக்குப் போகிறது. பொலநறுவைப் பக்கமிருந்தோ திருகோணமலைப் பக்கமிருந்தோ மட்டக்களப்புக்கு வருகிற எவனும் இந்தத் தண்ணீரைக் கடந்துதான் ஆகவேண்டும். கடக்கிற இடம் ஓட்டமாவடி. தோணி கட்டுகிற இடத்தில் நாலு பேர் காத்து நிற்பான், நாலு பேர் நின்றால் ஒருவன் தேத்தண்ணி போடுவான். 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. அதோடு நெல்லும் மீனும் மாடும் ஏற்றி இறக்குகிற இடமாக இது மாறியது. ஆக, ஆலை வருவதற்குக் கிட்டத்தட்ட முப்பது வருடம் இருக்கும்போதே இங்கே ஸ்டேசன் இருந்தது, கடைத்தெரு இருந்தது. புடவைக்கடைக்காரர் காட்டுக்குள் விற்கவில்லை.

இனி ஆலை. ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948இல் டி.எஸ். சேனநாயக்காவின் அரசில் சேர்ந்து கைத்தொழில், மீன்பிடி அமைச்சரானார், 1953 வரை இருந்தார். அவர் சேர்ந்தது சரியா பிழையா என்ற சண்டையில்தான் தமிழ்க் காங்கிரஸ் உடைந்து 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்தது, அதை இங்கே கிளற வேண்டாம். காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனை கடதாசி, இந்த மூன்றுக்கும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். மூன்று இடத்தையும் ஒரு படத்தில் குறித்துப் பார்த்தால் அரசியலுக்கு அப்பால் ஒரு கணக்கும் தெரியும். காங்கேசன்துறையில் சுண்ணாம்புக்கல். பரந்தனுக்குப் பக்கத்தில் ஆனையிறவு உப்பு, அந்த உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும். வாழைச்சேனையில் இலுக்கும் வைக்கோலும். கடதாசி செய்யச் சோடாவும் குளோரினும் வேண்டும் என்பதால் பரந்தனும் வாழைச்சேனையும் அண்ணன் தம்பி மாதிரி.

இலுக்கு என்றால் இப்போதைய பொடியன்களுக்குத் தெரியாது. சேனைப் பயிருக்காகக் காட்டை வெட்டி எரித்து, இரண்டு மூன்று போகம் செய்து, விட்டுவிட்டுப் போன நிலத்தில் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் புல். மாடு கூட முற்றிய இலுக்கைத் தின்னாது. கூரை வேயத்தான் உதவும். ஆலையைத் திட்டமிட்டபோது இந்தப் புல்லை நம்பித்தான் திட்டமிட்டார்கள், வைக்கோல் பிறகு பெரிய ஆளானது. ஊரின் பெயரிலேயே சேனை இருக்கிறது, சேனை விட்டுப்போன புல்லில் ஆலை. உன் மாமா "சேனைக்காடு" என்று கேலி செய்வதை அடுத்தமுறை இதைச் சொல்லி மடக்கலாம்.

50களின் நடுவில் உற்பத்தி தொடங்கியது. ஆலை ஊரை மாற்றியது கட்டடத்தால் இல்லை, மாதச் சம்பளத்தால். அதற்கு முன் இங்கே யாரிடம் எப்போது காசு இருக்கும்? வெள்ளாமைக்காரனிடம் நெல்லுச் சூடு அடித்த பிறகு, வருடத்தில் இரண்டு தடவை. மீன்காரனிடம் பாடு பட்ட நாளில். மற்ற நாளெல்லாம் கடையில் கடன் கொப்பிதான், வயல் சொந்தக்காரப் போடியாரிடம் கைநீட்டுவதுதான். ஆலைக்காரனுக்கு மழையென்றாலும் வெயிலென்றாலும் மாத முடிவில் சம்பளம். கடைக்காரன் அவனை நம்பிச் சைக்கிள் கொடுத்தான், றேடியோ கொடுத்தான், தையல் மெசினைத் தவணைக்குக் கொடுத்தான். யாழ்ப்பாணத்தான், மலைநாட்டான், சிங்களவர், எல்லாரும் வேலைக்கு வந்து கோட்டர்சில் இருந்தார்கள். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடம். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஆற்றங்கரைத் தேத்தண்ணிக் கடையில் நிற்க இடம் கிடையாது, அப்படிச் சனம்.

ரயில் விசரன் எழுதியது:

களவெட்டி அண்ணனுக்கு ஒரு சின்னச் சேர்க்கை. ஓட்டமாவடிப் பழைய பாலம் ரயிலுக்கும் வாகனத்துக்கும் ஒரே பாலம். தண்டவாளத்துக்கு மேலேயே பஸ்ஸும் லொறியும் மாட்டுவண்டியும் போகும், ரயில் வந்தால் இரண்டு பக்கமும் மறித்துவிடுவார்கள். மன்னம்பிட்டியிலும் இதே கதைதான். ஒரே நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம், அதனால் ரயில் இல்லாத நேரத்திலும் வரிசை நிற்கும். அந்த வரிசைக்குள் கச்சான், சோளம், இளநீர், தயிர்ச்சட்டி விற்றே குடும்பம் நடத்தியவர்கள் இருக்கிறார்கள். போருக்குப் பிறகு பக்கத்தில் புதுப் பாலம் வந்தது, பயணிகளுக்கு நிம்மதி, கச்சான்காரருக்கு நட்டம். சண்டைக்கு என் தீர்ப்பு: பாலம்.

சோடா வாத்தியார் எழுதியது:

நான் இரசாயனம் படிப்பிக்கிறவன், அதனால் ஆலை ஏன் நின்றது என்ற இடத்தில் வாயை வைக்கிறேன். "யுத்தம் வந்தது, ஆலை நின்றது" என்று எல்லாரும் ஒரு வரியில் முடிப்பார்கள். யுத்தம் அடித்த அடி பெரியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆலை வளவுக்குள் இராணுவம் முகாம் போட்ட காலமும் உண்டு. ஆனால் யுத்தமே வராமல் இருந்திருந்தாலும் வைக்கோல் கடதாசி திண்டாடியிருக்கும் என்பது என் எண்ணம்.

வைக்கோலை வெட்டி, கோஸ்டிக் சோடாவோடு சேர்த்து, நீராவி அழுத்தத்தில் ஒரு பெரிய பாத்திரத்துக்குள் அவிப்பார்கள். வைக்கோலை இறுக்கிப் பிடித்திருக்கிற லிக்னின் என்ற பசை கரைந்து கறுப்புத் தண்ணீராக வெளியே வரும், மிஞ்சுவதுதான் நார்க்கூழ். அதைக் கழுவி, குளோரினால் வெளுத்து, மெசினில் விரிப்பார்கள். போட்ட வைக்கோலில் பாதிகூடக் கூழாக வராது. வைக்கோல் நார் ஒரு மில்லிமீட்டர் அளவுதான், பைன் மரத்து நார் மூன்று மில்லிமீட்டர் வரும். குட்டை நாரில் செய்த கடதாசி ஈரத்தோடு மெசினில் ஓடும்போதே கிழியும், அதனால் வெளிநாட்டிலிருந்து நீளநார்க் கூழை வாங்கிக் கலக்க வேண்டும். உள்ளூர் வைக்கோலில் கடதாசி என்று சொன்னாலும் வெளிநாட்டுக் காசு போய்க்கொண்டேதான் இருந்தது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் சிலிக்கா. மரத்தில் கடதாசி செய்கிற ஆலைகள் அந்தக் கறுப்புத் தண்ணீரை வற்றவைத்து எரித்து, நீராவியும் எடுத்துக்கொள்ளும், போட்ட சோடாவையும் திருப்பி எடுத்துக்கொள்ளும். நெல் வைக்கோலில் சிலிக்கா நிறைய, வற்றவைக்கப் போனால் குழாயெல்லாம் கல் மாதிரிப் படிந்துவிடும். அதனால் உலகத்தில் எந்த வைக்கோல் ஆலைக்கும் சோடாவைத் திருப்பி எடுப்பது பெரும்பாடு, ஒவ்வொரு அவியலுக்கும் புதுச் சோடா. வைக்கோல் சும்மா கிடைத்தாலும் சோடா சும்மா வராது. 80களில் போரோடு பரந்தனும் நின்றுபோனது, அண்ணன் படுத்தால் தம்பிக்கு என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, வைக்கோல் பாரமில்லாத சாமான். ஒரு லொறி நிறைய மலைபோல ஏற்றினாலும் தராசில் காட்டுவது கொஞ்சம்தான், லொறிக் கூலியோ தூரத்துக்குத்தான். அது வருடம் முழுக்கவும் வராது, சூடு அடிக்கிற மாதங்களில் வந்து குவியும், மற்ற மாதங்களுக்கு வைத்துப் பாதுகாக்க வேண்டும், மழையில் அழுகும், வெயிலில் ஒரு பீடி நெருப்பு போதும். கோடையில் மாட்டுக்கும் அதே வைக்கோல்தான் வேண்டும். 70களில் எம்பிலிப்பிட்டியாவில் வளவை ஆற்றுப் பக்கம் இரண்டாவது ஆலையைக் கட்டினார்கள், அதுவும் வைக்கோலை நம்பித்தான். அங்கே எங்கள் அளவுக்கு யுத்தம் இல்லை, ஆனாலும் அந்த ஆலையும் தப்பவில்லை. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம், காடு நிறைய உள்ள நாடுகளின் கடதாசி கப்பலில் மலிவாக வந்து இறங்கியது. அதுவரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் நாங்கள் மங்கல் நிறக் கொப்பியில் எழுதினோம், பேனை மை மறுபக்கம் ஊறும், வேறு வழியில்லை. வெள்ளைக் கொப்பி கடைக்கு வந்த பிறகு மங்கல் கொப்பியை யார் வாங்குவார்?

அண்மைய வருடங்களில் ஆலையை மறுபடி இயக்கியபோது வைக்கோலைத் தொடவில்லை, கழிவுக் கடதாசியைத்தான் அரைத்தார்கள். கந்தோர்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கிற பழைய பைலை அரைப்பதற்குச் சோடாவும் குறைவு, தண்ணீரும் குறைவு. புத்தியான வேலைதான், ஆனால் பழைய ஆலையின் ஆள்தொகையை அதில் எதிர்பார்க்கக்கூடாது.

சம்மாந்துறை வட்டை எழுதியது:

நான் தூரத்து ஆள், ஆனாலும் ஒரு சாட்சி சொல்லலாம் என்று நினைக்கிறேன். திட்டம் போட்டுக் கட்டின ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் அம்பாறை நகரத்துக்கு வாருங்கள். பட்டிப்பளை ஆறு என்று எங்கள் ஆட்கள் சொன்ன ஆற்றை மறித்து 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கினது, இங்கினியாகலையில் அணையை அமெரிக்கக் கம்பனிதான் கட்டினது, திட்டத்தின் தலைமையிடமாக அம்பாறையை எழுப்பினார்கள், 1961இல் மட்டக்களப்பைப் பிரித்து மாவட்டமும் ஆக்கினார்கள். அங்கே வீதியெல்லாம் அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும், கந்தோர் ஒரு பக்கம், கோட்டர்ஸ் ஒரு பக்கம். வாழைச்சேனை அப்படியா? ஒழுங்கை வளைந்து வளைந்து போகிறது, ஒன்று பள்ளிவாசலடியில் முடிகிறது, ஒன்று கோயிலடியில் முடிகிறது, இன்னொன்று நேரே ஆற்றுக்குள் இறங்குகிறது. ஆலை கட்டின ஊரில் ஒழுங்கை அப்படி வளையாது. ஆலை வந்து ஏற்கெனவே இருந்த ஊரின் ஓரத்தில் உட்கார்ந்தது என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

எங்கள் பக்கம் ஹிங்குராணை சீனி ஆலை இருக்கிறது. அதுவும் 90களில் நின்றது, ஆனால் போர் முடிந்த பிறகு மறுபடி ஓடத் தொடங்கி இப்போதும் கரும்பு அரைக்கிறது. சுற்றியுள்ள கமக்காரன் அந்த ஆலைக்காகவே கரும்பு நடுகிறான், ஆலை இல்லாவிட்டால் அவனுக்கும் பயிர் இல்லை. வைக்கோல் அப்படியில்லை, கடதாசிக்காக எவனும் நெல் விதைக்கவில்லை. ஆலை நின்ற அன்றைக்கும் வயல்காரன் வயலுக்குத்தான் போனான். உங்கள் ஊர் ஏன் படுக்கவில்லை என்ற கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

காவத்தமுனைக் காக்கா எழுதியது:

மீதிப் பாதியை நான் சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் ஆலையையும் பாலத்தையும் பிடித்துக்கொண்டு ஆற்றை மறந்துவிட்டீர்கள். இன்றைக்கு விடியச் சாமம் துறைமுகப் பக்கம் போய்ப் பாருங்கள், எத்தனை ஆழ்கடல் படகு கட்டிக் கிடக்கிறது, ஐஸ் அரைக்கிற சத்தம், மீன் லொறிகள் கொழும்புக்கு வெளிக்கிடுகிற அவசரம். முகத்துவாரம் பக்கத்தில், உள்ளுக்குள் அலை இல்லாத தண்ணீர், வெளியே கல்குடாக் கடல். இப்படி ஒரு இடம் கிடைத்தால் மீன்காரன் விடுவானா? ஒரு படகு கடலுக்குப் போனால் அதற்குப் பின்னால் வலை பொத்துகிறவன், எஞ்சின் திருத்துகிறவன், ஐஸ்காரன், டீசல்காரன், கருவாடு போடுகிற பெண்டுகள் என்று கரையில் எத்தனை பேர்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஊர் நேராக வளரவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் தென்னை எல்லாம் சரிந்தது, கிடுகு வேய்ந்த வீடு ஒன்றும் மிஞ்சவில்லை என்று உம்மா சொல்வார். மறுகா 1990 வன்செயல், அந்த வருடத்தைப் பற்றித் தமிழனும் பேசமாட்டான் சோனகனும் பேசமாட்டான், இரண்டு பேருக்கும் சொல்ல இருக்கிறது. 2002 ஜூனில் சமாதான காலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இங்கே தமிழ் முஸ்லிம் கலவரம். அதுவரை கலந்திருந்த கடைத்தெருவில் இது உங்கள் கடை இது எங்கள் கடை என்ற பேச்சு வந்தது. 2004 டிசம்பர் 26 கடல் வந்தது, கல்குடாவும் நாசிவன்தீவும் என்ன பாடுபட்டது என்று எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் கடை பூட்டினது, ஒவ்வொரு தடவையும் திறந்தது. ஏன் திறந்தது? வாகரையான், புணாணையான், கிரானான் எவனுக்கும் அரிசி, சீனி, உரம், சேலை வாங்க வேறு கிட்டிய ஊர் இல்லை. வயல்காரனுக்கும் மீன்காரனுக்கும் இடையில் நிற்கிற கடைக்காரனை ஒன்றும் அசைக்க ஏலாது. நாவலடிச் சந்தியில் கொழும்பு ரோட்டும் திருமலை ரோட்டும் பிரிகிறது, இரண்டில் எதில் வந்தாலும் எங்களைத் தாண்டித்தான் மட்டக்களப்பு போகவேண்டும். யுத்தம் முடிந்து பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பின பிறகு மரக்கறிக்காரனுக்கும் ஓட்டோக்காரனுக்கும் கொஞ்சம் காசு வந்தது, அதிலும் பெரிய காசு வெளியேதான் போகிறது என்பது வேறு கதை.

ஆலை தந்த மாதச் சம்பளத்தைப் பற்றிக் களவெட்டி எழுதினது நூற்றுக்கு நூறு சரி, அதை நான் மறுக்கவில்லை. அந்தச் சம்பளம் நின்ற பிறகு அதன் இடத்துக்கு எது வந்தது என்று ஒருவரும் எழுதவில்லையே? மத்தியகிழக்குக் காசு. ஆலையில் ஒரு வீட்டில் ஒரு ஆம்பிளை வேலை செய்தான். இப்போது ஒரு வீட்டில் ஒரு பொம்பிளை குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்கிறாள். வங்கிக் கிளைகளுக்கு முன்னால் மாதத் தொடக்கத்தில் நிற்கிற வரிசையைப் பாருங்கள், பழைய ஆலைச் சம்பள வரிசை இடம்மாறி நிற்கிற மாதிரி இருக்கும். ஆலைக்காரன் சாயந்தரம் வீட்டுக்கு வருவான், அவள் இரண்டு வருடத்துக்கு ஒருக்கா வருகிறாள்.

பேத்தாழைப் பொடியன் எழுதியது:

காக்கா, கடைசி வரியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கள் பெரியம்மா பத்து வருடம் ஜோர்தானில் இருந்தவ. வீட்டில் ஊர் வரலாறு பேசும்போது ஆலை வரும், பாலம் வரும், பெரியம்மா ஒருநாளும் வந்ததில்லை.

மாமாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சிலிக்கா பற்றிச் சோடா வாத்தியார் எழுதினதைக் கேட்டுவிட்டு, "அது எங்களுக்கு எண்டைக்கோ தெரியும், குழாய் சுரண்டினது ஆர் எண்டு நினைக்கிறா?" என்றார். இலுக்குக் கதைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. பாலமா ஆலையா என்பதற்கு இன்னும் ஆலை என்றுதான் நிற்கிறார்.

களவெட்டி எழுதியது:

நிற்கட்டும். குழாய் சுரண்டின மனிசன் வேறென்ன சொல்லுவார். வைக்கோல் லொறி வந்தால் தராசடியில் எப்படி நிறுப்பார்கள், ஈர வைக்கோலுக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று ஒருக்கால் கேட்டு எழுது தம்பி. எங்கள் அப்பா அந்தக் கழிவுக் கணக்கைப் பற்றிச் சாகும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தவர்.